முந்நூத்தி எழுவத்தாறு

ஒன்பதாவது ரெண்டு தடவ ஃபெயிலானவன் நான். அப்படிப்பட்டவன ஒரு வருஷம் பூரா நாலாங்கிளாஸ்ல கொண்டு போய் நிறுத்துனாங்க. பெஞ்சுல இல்ல, கேமராவுக்குப் பின்னாடி. எங்கம்மாவுக்கு அதுவே போதும். ரயில்வே குவாட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது என்னப் பத்தி விசாரிச்சா, "பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்"னு சொல்லிட்டு, அடுத்த கேள்வி வர்றதுக்குள்ள உள்ள போயிடுவாங்க.

என் தொழில் கல்யாண வீடியோ. நாங்க குடியிருக்குற இந்த மராத்தி ஊர்ல, கோந்த்வா பக்கம் இருக்குற மண்டபம் எல்லாத்துலயும் என் முகம் தெரியும். ஹல்தின்னு மஞ்ச பூசுறது, பொண்ணு அழுவுறது, அழுவ வேண்டிய நேரத்துல பொண்ணு கொட்டாவி விடுறது, மாப்பிள்ளையோட மாமா டான்ஸ் ஆடி விழுறது, எல்லாம் எடுப்பேன். மாமா விழுறத மட்டும் தனியா வெட்டி, மெதுவா ஓட விட்டு, ஒரு பாட்டப் போட்டு அந்த மாமாவுக்கே அனுப்பி வெப்பேன். சில பேரு திட்டுவாங்க. நெறைய பேரு சிரிச்சிட்டு, அடுத்த கல்யாணத்துக்கும் நீயே வாடான்னுவாங்க. அந்தப் பழக்கம் எனக்குச் சோறு போட்டுச்சு. எங்கக்கா சோத்துல மண்ணப் போட்டதும் அதே பழக்கம் தான். அதத் தான் சொல்ல வர்றேன்.

அக்கா எனக்கு அஞ்சு வயசு பெரியவ. எங்க வீட்டுலயே படிப்பு ஏறுன ஒரே மண்டை அவளுது. ஸ்கூல் முடிச்சதும் டீச்சர் டிரெய்னிங் சேந்தா. அந்த டிரெய்னிங்ல பாடம் நடத்துனதவிட பாடத்த எழுதுனது தான் ஜாஸ்தி. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பிளான். அதுல இந்தப் பக்கம் டீச்சர் என்ன சொல்லுவாங்கன்னு எழுதணும், அந்தப் பக்கம் பசங்க என்ன பதில் சொல்லுவாங்கன்னு எழுதணும். பசங்க சொல்லப் போற பதிலயும் டீச்சரே முன்னாடி நாள் ராத்திரி வீட்டுல உக்காந்து எழுதி முடிச்சிடணும். நான் கேட்டேன், ஏன்க்கா, பையன் எழுந்து வேற எதாவது சொல்லிட்டான்னா என்ன பண்ணுவன்னு. பிளான்ல இல்லாதத சொல்ல மாட்டான்னா அவ. நானும் சிரிச்சேன், அவளும் சிரிச்சா. அவளோட சார்ட் எல்லாம் நான் தான் வரஞ்சேன். பூவோட பாகம், பல்லோட பாகம். பல்லு வரையச் சொன்னப்ப அவ டிரெய்னிங் காலேஜ் பிரின்ஸிபாலோட பல்லையே வரஞ்சு குடுத்தேன், முன்னாடி ரெண்டும் இடைவெளி விட்டு. அவரே அதப் பாத்துட்டு பிரமாதம்னு கையெழுத்துப் போட்டாரு.

அப்புறம் எங்க கோர்படியிலயே, ரயில் லைன ஒட்டி இருக்குற ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல அக்காவுக்கு வேல கெடச்சுது. கான்ட்ராக்ட்டு. ஏப்ரல்ல முடியும், ஜூன்ல மறுபடி ஆரம்பிக்கும், நடுவுல மே மாசம் பூரா அக்கா நகத்தக் கடிச்சிட்டு இருப்பா. நாலு வருஷம் அப்படியே போச்சு. அங்க படிக்கிற பசங்க எல்லாம் எங்கள மாதிரி தான். அப்பா ரயில்வேயில கேங்மேனு, இல்ல வானவடி அபார்ட்மென்ட்டு எதுலயாவது வாட்ச்மேனு. அம்மா அதே அபார்ட்மென்ட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்க. வீட்டுல மராத்தி, தெருவுல ஹிந்தி, புக்குல மட்டும் இங்கிலீஷ்.

அந்த வருஷம் எங்கப்பா ரிட்டையர்டு ஆகணும். ஆயிட்டா குவாட்டர்ஸ காலி பண்ணணும். வாடகைக்கு ஒரு வீடு புடிச்சு நிக்கணும்னா வீட்டுல ஒருத்தருக்காவது நிரந்தரமான வேல இருக்கணும். என்னப் பாத்து யாரும் அந்த ஆசைய வெக்கல. ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தாங்க: இந்த வருஷம் ஸ்கூல்ல ஒரு ரிசர்ச் நடக்கப் போவுது, அது உன் கிளாஸ்ல தான், அது நல்லபடியா முடியட்டும், உன் ஃபைல ஸ்கூல நடத்துற டிரஸ்ட்டுக்கு அனுப்புறேன். பர்மனென்ட்டு. அக்கா அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது வடா பாவ் வாங்கிட்டு வந்தா. அவ வெளில வாங்கித் திங்கிற ஆளே இல்ல.

ரிசர்ச் பண்ண வந்தது ஒரு மராத்தி மேடம். ஏதோ பெரிய இன்ஸ்டிட்யூட்டு, ஊருக்கு அந்தப் பக்கம். டிரெய்னிங் முடிச்சிட்டு வர்ற டீச்சருங்க நெஜமா கிளாஸ்ல எப்படி நடத்துறாங்க, பசங்க அதுல என்ன கத்துக்குறாங்கன்னு அவங்க பாக்கணும். அதுக்கு வீடியோ வேணும். அக்கா என் பேரச் சொல்லிட்டா. மேடம் என்கிட்ட ஹிந்தியில என்ன படிச்சிருக்கன்னு கேட்டாங்க. ஒன்பதாவது, ரொம்ப ஆழமா படிச்சேன் மேடம், ஒரே கிளாஸ்ல ரெண்டு வருஷம்னேன். சிரிச்சிட்டாங்க. சிரிக்கத் தெரிஞ்ச படிச்சவங்கன்னு எனக்கு அவங்களப் புடிச்சுப் போச்சு.

மொதல்லயே ஒரு பேப்பர் குடுத்து எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குனாங்க. இந்த வீடியோ ரிசர்ச்சுக்கு மட்டும் தான். யார் பேரும் வராது. எந்த டீச்சரப் பத்தியும் ஸ்கூலுகிட்ட நாங்க ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டோம். அக்கா அத ரெண்டு தடவ படிச்சிட்டு நிம்மதியா கையெழுத்துப் போட்டா.

கேமரா ரெண்டு. ஒண்ணு பின்னாடி இருந்து டீச்சரப் பாக்கும். இன்னொண்ணு போர்டு பக்கத்துல இருந்து பசங்களப் பாக்கும். மேடம் கடைசி பெஞ்சுல உக்காந்து ஒரு தாள்ல டிக் போட்டுட்டே இருப்பாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிமிந்து பாக்கணும்: யாரு பேசுறா, டீச்சரா பசங்களா, எத்தன பேரு கை தூக்குறாங்க. நடுவுல ரயில் போச்சுன்னா கிளாஸ் மொத்தமும் அப்படியே நின்னுடும். அக்கா வாயத் தொறந்தபடி நிப்பா, பசங்க கையத் தூக்கினபடி நிப்பாங்க, வண்டி போனதும் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுறீங்க மேடம்னு நான் கேப்பேன். போடா வேலையப் பாருன்னுவாங்க.

பசங்களப் பாக்குற கேமராகிட்ட தான் நான் நிப்பேன். ரெண்டாவது நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அக்கா ஒரு கேள்வி கேட்டா எல்லாக் கையும் மேல போகும். ஒரு கை பாக்கி இருக்காது. பாக்குறவங்களுக்கு அப்படியே மனசு நெறஞ்சு போகும், என்னா கிளாஸ்டா இதுன்னு. ஆனா பாதிக் கை வலது, பாதிக் கை இடது. பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கை பசங்களத் தான் எழுப்புவாங்க. வெளி ஆளு யாராவது வந்தா இப்படித் தான் தூக்கணும்னு ரெண்டாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. டிரெய்னிங்ல இது இல்ல. அக்கா ஸ்கூல்ல சேந்த மொத வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்புட்டு சொல்லிக் குடுத்தது. பாவம், தெரியாத புள்ளய எழுப்பி நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்தலாமான்னு கேட்டாங்களாம். கேட்டா நியாயம் மாதிரித் தான் இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் படிச்ச ஸ்கூல்லயும் இதே தான். ஏழு வருஷம் இடது கை தூக்குனவன் நான். இடது தோள்பட்ட எனக்கு இன்னைக்கும் கொஞ்சம் பலம். கேமராவ அதுல தான் வெப்பேன்.

ஆக, மேடம் ஜூலையிலேருந்து ஜனவரி வரைக்கும் டிக் போட்டாங்க. எல்லாப் பசங்களும் ஆர்வமா கை தூக்குறாங்கன்னு. எத்தன கைன்னு எண்ணுனாங்களே தவிர எந்தக் கைன்னு பாக்கல. நானும் சொல்லல. எங்கக்கா ஃபைலு இருக்குல்ல. எனக்கு வாய் தான் பெருசு, அறிவு அவ்வளவு சின்னது இல்ல.

ஆனா கை சும்மா இருக்குமா. ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழம, வீட்டுல வேல இல்லாம உக்காந்திருந்தப்ப, அந்த வீடியோ எல்லாத்துலேருந்தும் இடது கை தூக்குற எடத்த மட்டும் வெட்டிச் சேத்தேன். மெதுவா ஓட விட்டு, கல்யாணத்துல பொண்ணு உள்ள வரும்போது போடுற மியூசிக்கப் போட்டேன். அந்தப் பசங்க முகத்துல ஒரு பக்தி இருக்கும் பாருங்க, கை மேல போகும்போது, சாமி கும்புடுற மாதிரி. கடைசியில பெரிய எழுத்துல "எங்களுக்குத் தெரியாது, நன்றி"ன்னு போட்டேன். சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் காட்டுனேன். அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பா பல்லக் காட்டாம சிரிக்கிற ஆளு, அவரே சிரிச்சாரு. அக்காவும் சிரிச்சா, பாதி வரைக்கும்.

அடுத்த நாள் சாயங்காலம் என்கிட்ட வந்து உக்காந்தா. அந்த வீடியோவ மறுபடி போடு, பாட்டு இல்லாமன்னா. போட்டேன். சத்தம் இல்லாம அது வேற மாதிரி இருந்துச்சு. நிறுத்தி நிறுத்திப் பாத்தா. ஒரு நோட்டுல பேரு எழுதுனா. எழுதி முடிச்சு எண்ணுனா பதினேழு. ஜூலையிலயும் அதே பதினேழு, ஜனவரியிலயும் அதே பதினேழு. ஒரு கை கூட மாறல.

"நான் என்ன நடத்துனேன்டா அப்ப இத்தன நாளா?"

டீச்சரம்மா, நீ வலது கைக்கு நடத்துன, இடது கைக்கு லீவு விட்டன்னு கிண்டல் பண்ணேன். அவ முகத்தப் பாத்துட்டு அதோட நிறுத்தியிருக்கலாம்.

"உனக்கு எப்படி இருந்துச்சு அப்ப? உண்மையச் சொல்லு."

"நல்லா தான் இருந்துச்சு. யாரும் என்ன கேக்கல. ஜாலி. அப்புறம் ஒம்பதாவது வந்துச்சு. அப்பவும் யாரும் கேக்கல, நேரா மார்க்க மட்டும் சொன்னாங்க."

அவ நோட்ட மூடி வெச்சிட்டுப் போயிட்டா. என் வாழ்க்கையில நான் அவகிட்ட கேலி இல்லாம சொன்ன ஒரே பதில் அது. அதப் போயி அவ நெஜமாவே எடுத்துக்கிட்டா.

பிப்ரவரியில கடைசி ரெக்கார்டிங். ஹெட்மிஸ்ட்ரஸும் வந்து கதவுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்தாங்க, பட்டுப் பொடவை கட்டிட்டு. கழித்தல் கணக்கு. மூணாங்கிளாஸ்ல முடிச்சத ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டு மேல போகணும், பிளான்ல அதுக்கு அஞ்சே நிமிஷம். அக்கா போர்டுல எழுதுனா: நானூத்தி ரெண்டுலேருந்து நூத்தி எழுவத்தெட்டு போனா எவ்வளவு. எல்லாக் கையும் மேல. மேடம் குனிஞ்சு டிக் போட்டாங்க.

அக்கா ஜன்னல் பெஞ்சுல இருந்த ஒரு பொண்ண எழுப்புனா. ரெட்ட ஜடை, இடது கை.

அந்தப் பொண்ணுக்கு மொதல்ல புரியவே இல்ல. தான் தூக்குனது எந்தக் கைன்னு ஒரு தடவ பாத்துக்கிச்சு. பக்கத்துல இருந்தவன் வலது கைய இன்னும் உயரமா தூக்கி, மிஸ், மிஸ், நான்னு கத்துறான், அந்தப் பொண்ணக் காப்பாத்த. அக்கா அவன உக்காரச் சொல்லிட்டா. வா, போர்டுல வந்து போடு, தப்பா இருந்தாலும் பரவாயில்லன்னு ஹிந்தியில சொன்னா. பொண்ணு வந்துச்சு. சாக்பீஸ எடுத்து, யோசிக்காம, விறுவிறுன்னு எழுதுச்சு. ஆறு. ஏழு. மூணு. முந்நூத்தி எழுவத்தாறு.

நான் ஒண்ணு சொல்லிடுறேன். கேமராவுக்குப் பின்னாடி நானும் மனசுக்குள்ள அந்தக் கணக்கப் போட்டேன். எனக்கும் முந்நூத்தி எழுவத்தாறு தான் வந்துச்சு. பரவாயில்லயே, பொண்ணு கரெக்டா போட்டுச்சேன்னு நெனச்சேன்.

வலது கை பசங்க சிரிச்சாங்க. அக்கா அவங்களப் பாத்த பார்வையில சிரிப்பு நின்னு போச்சு. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் போட்டன்னு கேட்டா. பொண்ணு நிதானமா விளக்குச்சு. எட்டுலேருந்து ரெண்டு போனா ஆறு. ஏழுலேருந்து பூஜ்யம் போனா ஏழு. நாலுலேருந்து ஒண்ணு போனா மூணு. ஏன் எட்டுலேருந்து ரெண்ட எடுத்த, மேல ரெண்டு தானே இருக்கு, கீழ தானே எட்டு இருக்குன்னு அக்கா கேட்டா.

"மிஸ், நீங்க தானே சொன்னீங்க, எப்பவும் பெருசுலேருந்து தான் சின்னதக் கழிக்கணும்னு."

அக்கா போர்டுல இருந்த கணக்கப் பாத்தா. ரயில் கூட வரல.

அக்கா திரும்பி, வேற யாருக்கெல்லாம் முந்நூத்தி எழுவத்தாறு வந்துச்சு, எந்தக் கைய வேணும்னாலும் தூக்குங்கன்னா. கை ஒண்ணு, ரெண்டு, நாலு. அவ நோட்டுல எழுதி வெச்சிருந்த பதினேழு பேரும். எல்லாருக்கும் ஒரே பதில். ஒருத்தன் கூட குத்துமதிப்பா அடிக்கல. தெரியாத பசங்கன்னு ஓரமா ஒதுக்கி வெச்ச பதினேழு பேரும், சொல்லிக் குடுத்தத அப்படியே நம்பி, பிசகாம செஞ்சிருக்காங்க. என்னையும் சேத்தா பதினெட்டு.

அக்கா பையிலேருந்து தீக்குச்சிக் கட்ட எடுத்தா. பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பத்துக் கட்டச் சேத்து ஒரு நூறாக்கி, முன்னாடி நாளே ரெடி பண்ணி வெச்சிருந்தா. ரெண்டுலேருந்து எட்டு எடுக்க முடியல, பத்துக் கட்டும் இல்ல, அப்ப நூறப் பிரிக்கணும்னு அந்தப் பொண்ணு கையாலயே பிரிக்க வெச்சா. பெரிய ரப்பர் பேண்டு அந்தப் பொண்ணுக்குக் கழட்ட வரல. அக்கா உதவல, காத்துட்டு நின்னா. பீரியட் மொத்தமும் அதுக்கே போச்சு. பிளான்ல இருந்தது எதுவும் நடக்கல. பாதியில நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து போயிட்டாங்க.

மணி அடிச்சதும் மேடம் என்கிட்ட ஓடி வந்தாங்க. கண்ணெல்லாம் ஒரு மாதிரி மின்னுது. இந்த வருஷம் பூராவும் எடுத்ததுலயே முக்கியமான டேப்பு இது தான், பத்திரமா வெச்சுக்கோன்னாங்க. அவங்க சந்தோஷத்தப் பாத்து நானும் வாய விட்டுட்டேன். மேடம், உங்க தாள்ல இன்னொரு கட்டம் போட்டுக்கோங்க, வலது, இடதுன்னு. அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்த மின்னல் அப்படியே அணைஞ்சு போச்சு. ஏழு மாசத் தாள மடியில வெச்சுக்கிட்டு காலி கிளாஸ்ல உக்காந்திருந்தாங்க. அப்ப கூட எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி தான். டாக்டர் பட்டம் வாங்குனவங்களுக்கு ஒம்பதாவது ஃபெயிலு சொல்லிக் குடுத்திருக்கேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவக் கூப்புட்டாங்க. கத்தல, திட்டல. நாலாங்கிளாஸ்ல பாதிப் பேருக்குக் கழித்தல் தெரியலன்னு வெளி ஆளுங்க முன்னாடி நீயே கேமராவுல காட்டிட்ட, நாளைக்கு இத டிரஸ்ட்டு பாத்தா மூணாங்கிளாஸ்ல எல்லாரையும் பாஸ் போட்டது யாருன்னு என்னத் தான் கேப்பாங்க, நீ நல்ல டீச்சர், ஆனா ஸ்கூல்னா என்னன்னு உனக்குப் புரியலன்னாங்களாம். ஃபைல பத்தி அக்கா கேக்கல. அவங்களும் சொல்லல.

அத விட மோசம் கிளாஸ்ல நடந்துச்சு. பசங்க அந்தப் பொண்ணுக்குப் பட்டப் பேரு வெச்சிட்டாங்க. முந்நூத்தி எழுவத்தாறு. மராத்தியில சொல்றது, ஹிந்தியில சொல்றது, தண்ணிக் குழாகிட்ட சொல்றது. வைக்கிறதுன்னா நானும் அதத் தான் வெச்சிருப்பேன், அவ்வளவு கச்சிதமான பேரு. பொண்ணு ஸ்கூலுக்கு வரல. நாலு நாள் பாத்துட்டு அக்கா ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற அவங்க வீட்டுக்குப் போனா. நான் தான் வண்டியில கொண்டு போய் விட்டேன். அவங்கம்மா கதவுலயே நின்னுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: எம்பொண்ணு சும்மா தானே உக்காந்திருந்தா, அவள எதுக்கு எழுப்புனீங்க.

அக்கா பையிலேருந்து தீக்குச்சிக் கட்ட எடுத்து நீட்டுனா. மூணு சாயங்காலம் போனா. மூணாவது நாள் அந்தப் பொண்ணு பூஜ்யம் உள்ள கணக்கெல்லாம் சரியா போட்டுச்சு, ஐநூறுலேருந்து கூட. ஸ்கூலுக்கும் வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எந்தக் கையும் தூக்கல.

ஏப்ரல் கடைசியில அக்காவுக்கு லெட்டர் வந்துச்சு. ஜூன்லேருந்து வர வேணாம். ஃபைலு டிரஸ்ட்டுக்குப் போகவே இல்லன்னு ஆபீஸ் கிளார்க்கு சொன்னாரு.

நான் வண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்கு அந்தப் பக்கம் மேடம் ஆபீஸுக்குப் போனேன். வெயில் மண்டையப் பொளந்துச்சு. அவங்க மேசையில கம்ப்யூட்டர்ல அந்த டேப்பு தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பொண்ணு ரப்பர் பேண்டு கழட்டுற எடம். நான் உக்காராமயே கேட்டேன். மேடம், இதுல எங்கக்கா எப்படி நடத்துனான்னு நீங்க பாத்தீங்க. அத ஒரு லெட்டர்ல எழுதி ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அனுப்புங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.

அவங்க டிராயர்லேருந்து அந்தப் பேப்பர எடுத்தாங்க, அக்கா கையெழுத்துப் போட்டது. எந்த டீச்சரப் பத்தியும் ஸ்கூலுகிட்ட ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டோம்.

"நல்லதுன்னாலும் சொல்லக் கூடாது. இவங்களப் பத்தி நான் நல்லா எழுதுனா, எழுதாத டீச்சரப் பத்தி ஸ்கூல்ல என்ன நெனப்பாங்க? வேற ஸ்கூல்லயும் டீச்சருங்க என்ன நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அது எங்கக்காவக் காப்பாத்த எழுதுன பேப்பர் தானே மேடம்னு கேட்டேன். ஆமான்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. கலங்குன கண்ண வெச்சு வாடகைக்கு வீடு புடிக்க முடியாதுன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அன்னைக்கு தான் மொத தடவையா ஒரு பதிலடிய முழுங்குனேன். வழக்கமில்லாததால நெஞ்சுல ரொம்ப நேரம் நின்னுச்சு. ரிப்போர்ட்ல உங்கக்காவோட இந்தக் கிளாஸுக்கு ஒரு தனிப் பகுதியே இருக்கும், டீச்சருங்கள எப்படித் தயார் பண்ணணும்னு இத வெச்சுத் தான் பேசப் போறோம்னாங்க. பேரு மட்டும் இருக்காது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கேட்டுட்டு, அவங்க பண்ணது சரி தான்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னையாவது திட்டேன், அந்தக் கூத்து வீடியோவ நான் எடுக்கலன்னா உன் ஃபைலு போயிருக்கும்னேன்.

"அந்த ஃபைலு போயிருந்தா, நான் ரிட்டையர்டு ஆகுற வரைக்கும் பெருசுலேருந்து சின்னதக் கழிங்கன்னு சொல்லிட்டு இருந்திருப்பேன்டா."

நல்லா இருக்குல்ல கேக்கறதுக்கு. எனக்கும் அப்படித் தான் இருந்துச்சு, ஒரு நாள். மறுநாள் காலையில அவ மாவாட்டுறதுக்கு நடுவுல நின்னு ஸ்கூல் பெல்லு சத்தத்தக் கேட்டுட்டு இருந்தத நான் பாத்தேன். லீவுல கூட அந்த பெல்லு அடிக்கும், வாட்ச்மேன் பழக்க தோஷத்துல அடிப்பான். அவ அழுவல. மாவு காஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் ஏழெட்டு ஸ்கூலுக்குப் போயிட்டு வந்தா. ஏன் அங்கிருந்து நின்னீங்கன்னு கேப்பாங்க. பழைய ஸ்கூலுக்கு போன் போடுவாங்க. அவ்வளவு தான். நாங்க குவாட்டர்ஸ காலி பண்ணிட்டு கோந்த்வாவுல ஒரு ரூமும் கிச்சனுமா மாறிட்டோம். அப்பா வெளியில கட்டில் போட்டுப் படுக்குறாரு, அங்க காத்து வருதாம்.

இப்ப அக்கா ஒரு கம்பெனிக்கு ஆன்லைன் பாடம் நடத்துறா. வானவடியில ஒரு ஃபிளாட்டுல பச்சத் துணி கட்டி, லைட்டு போட்டு வெச்சிருக்காங்க. கேமரா நான் தான். நாள் கணக்கு சம்பளம், ரெண்டு பேருக்கும். பசங்க கெடயாது. அக்கா, போர்டு, கேமரா. கம்பெனி எழுதிக் குடுக்குற ஸ்கிரிப்ட அப்படியே சொல்லணும். கழித்தல் பாடம் வந்தப்ப, பசங்க பண்ற தப்ப மொதல்ல போர்டுல போட்டு, அது ஏன் தப்புன்னு காட்டலாம்னு அக்கா கேட்டா. வீடியோவுல தப்பான விடை தெரியக் கூடாது, பாக்குற அம்மா அப்பா பயந்துடுவாங்கன்னு சொல்லிட்டாங்க.

ஒவ்வொரு கணக்கு முடிஞ்சதும் "புரிஞ்சுதா பசங்களா?"ன்னு கேட்டுட்டு மூணு செகண்டு சும்மா நிக்கணும். வீட்டுல பாத்துட்டு இருக்குற புள்ள அந்த மூணு செகண்டுல ஆமான்னு சொல்லுமாம். அப்புறம் "வெரி குட்"னு சொல்லிட்டு அடுத்த கணக்கு.

மொத நாள் அந்த மூணு செகண்டுல நான் கேமராவுக்குப் பின்னாடி இருந்து, புரியல மிஸ்னேன். சும்மா, அவளச் சிரிக்க வெக்கத் தான். ரொம்ப மாசம் ஆச்சு அவ சிரிச்சு. அவ சிரிக்கல. மார்க்கர எடுத்துக்கிட்டு போர்டு பக்கம் திரும்பி, "எங்க புரியல?"ன்னு கேட்டா. நெஜமாவே கேட்டா. கை மேல போயி எழுத ஆரம்பிச்சுது. அப்புறம் தான் லைட்டும் பச்சத் துணியும் ஞாபகம் வந்த மாதிரி நின்னு, எழுதுனத அழிச்சிட்டு, மொதல்லேருந்து எடுக்கலாம்டான்னா.

இப்ப நான் அந்த மூணு செகண்டுல மூச்சக் கூட சத்தமா விடறதில்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு. வெரி குட்ங்குறா அக்கா.